கார்போகரிசியும் வெயிலும்

கொஞ்சம் நீளமான பதிவு. காப்பி டம்ளரோடு உட்கார்ந்து பொறுமையாகப் படிக்கவும்.

போன வாரத்திலிருந்து ஒரு வீடியோ நம் ஆட்களிடையே சுற்றிக்கொண்டிருக்கிறது. கார்போகரிசி எண்ணெயைத் தடவிக்கொண்டு உச்சி வெயிலில் அரை மணி நேரம் நின்றால் வெண்புள்ளி பதினைந்தே நாளில் மறைந்துவிடும் என்று ஒருவர் பேசுகிறார். பழைய மாணவர்கள் மூன்று பேரும், பல்லடத்திலிருக்கும் என் நாத்தனார் மகளும் அதை அனுப்பி, "இது நெசமாங்க?" என்று கேட்டிருந்தீர்கள். ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அந்த விதைக்கும் வெயிலுக்கும் உள்ள உறவு கட்டுக்கதை இல்லை. இன்றைக்குப் பெரிய பெரிய ஆஸ்பத்திரிகளில் ஒரு வகைப் புற்றுநோய்க்கும், தானமாக வந்த ரத்தத்தில் இருக்கும் கிருமிகளை ஒழிக்கவும் அதே வித்தையைத்தான் பயன்படுத்துகிறார்கள். உறவு நெசமாக இருப்பதால்தான் அரை மணி நேரம் நிற்கக் கூடாது என்கிறேன். ஏன் என்று சொல்ல அந்த விதையின் கதையையே சொல்ல வேண்டும்.

கார்போகரிசி என்றால் இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. கோவை டவுன்ஹால் பக்கம் எந்த நாட்டு மருந்துக்கடையில் கேட்டாலும் பொட்டலம் கட்டித் தருவார்கள். நலங்கு மாவு அரைக்கும்போது பச்சைப்பயறு, பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், வெட்டிவேர், ஆவாரம்பூ இவற்றோடு ஒரு பிடி இதையும் போடுவார்கள். என் அமுச்சி "கார்போகி" என்பார். கறுப்பாக, சின்னதாக, அவரை விதையைச் சுருக்கி வைத்தது போல இருக்கும். கடித்தால் கசப்பு, முகர்ந்தால் ஒரு மணம். செடியும் அவரைக் குடும்பம்தான். வடக்கே பாவ்சி, சமஸ்கிருதத்தில் பாகுசி. இதற்கு 1753இல் லின்னேயஸ் வைத்த பெயர் சோராலியா கோரிலிஃபோலியா. செடி முழுக்கப் புள்ளி புள்ளியாக எண்ணெய்ச் சுரப்பிகள் இருப்பதால், சொறி பிடித்தது போல என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து சோராலியா வந்தது. அந்த சோராவுக்கும் நம் சொறிக்கும் உறவு உண்டா என்று யாரும் ஆராய்ச்சிக்குக் கிளம்ப வேண்டாம், ஓசை மட்டும்தான் ஒன்று!

சித்த மருத்துவத்தில் தோல் நோய்களுக்கு இது பழைய மருந்து. அதர்வண வேதத்தில் தோலின் வெண்மையைப் போக்க ஒரு கருநிற மூலிகையை அழைக்கும் பாடல் இருக்கிறது. அது கார்போகரிசிதான் என்று பலர் அடித்துச் சொல்கிறார்கள். அந்தப் பாடலில் வரும் பெயர்களை வைத்து அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது என்பது என் கருத்து. ஆனால் சரக சம்ஹிதையில் வருவது வேறு மாதிரி. அங்கே சுவித்ரம் என்ற பெயரில் இந்த நோயைச் சொல்லி, உரைகாரர்கள் பேயத்தி என்று அடையாளம் காட்டும் மரத்தின் சாற்றை வெல்லத்தோடு கொடுத்து, உடம்பு தாங்குகிற அளவுக்கு வெயிலில் இருக்கச் சொல்கிறது. பிறகு வெள்ளைப் புள்ளிகளின் மேல் கொப்புளம் எழும், அதை முள்ளால் குத்தி நீரை வெளியேற்ற வேண்டும் என்கிறது.

இந்த இடத்தைக் கவனியுங்கள். மருந்தைக் கொடு என்பதோடு நிறுத்தவில்லை. வெயிலில் உட்கார் என்கிறது, அதற்கு அளவும் சொல்கிறது, கொப்புளம் வரும் என்று முன்கூட்டியே எச்சரிக்கிறது. பின்னால் வந்தவர்களில் எத்தனையோ பேர் இந்த வெயில் விஷயத்தைச் சூரிய வழிபாடு, பத்தியம் என்ற கணக்கில் ஒதுக்கிவிட்டார்கள். அது மருந்தின் பாதி. அது தெரிய 20ஆம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது. சீமை அத்தியின் பாலிலும் கார்போகரிசியில் உள்ள அதே பொருள் இருப்பதை இன்றைக்குச் சோதனையில் கண்டிருக்கிறார்கள். அத்திக் குடும்பத்து மரத்தைப் பழைய ஆட்கள் பிடித்தது தற்செயலாக இருக்காது.

இதே கண்டுபிடிப்பு வேறொரு மூலையிலும் தனியாக நடந்திருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னு அல் பைத்தார் என்ற அரபு மருத்துவ அறிஞர், வட ஆப்பிரிக்காவில் ஒரு பெர்பர் குலத்தார் அத்ரிலால் என்ற செடியின் விதைப்பொடியைக் கொடுத்து, நோயாளியை வெயிலில் உட்கார வைத்து வெண்புள்ளியைக் குணப்படுத்தியதாகவும், அதைக் குல ரகசியமாக வைத்திருந்ததாகவும் எழுதி வைத்திருக்கிறார். அது நம் கொத்தமல்லிக் குடும்பத்துச் செடி, அம்மி மேஜஸ். நம் செடியும் அந்தச் செடியும் தாவரக் கணக்கில் தூரத்துச் சொந்தம்கூட இல்லை. இரண்டு இடத்திலும் வெயில் மட்டும் பொது.

இனி நம் பக்கத்துக் கதை. 1920களில் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ஆர்.என். சோப்ரா இந்த விதையின் எண்ணெயை ஆராய்ந்தார். 1933இல் பெங்களூரில் ஜோயிஸ், மஞ்சுநாத், வெங்கட ராவ் என்ற மூவர் இந்த விதையிலிருந்து ஒரு வெள்ளைப் படிகத்தைப் பிரித்தெடுத்து இந்திய வேதியியல் சங்கத்தின் இதழில் வெளியிட்டார்கள். செடியின் பெயரிலிருந்தே அதற்கு சோராலென் என்று பெயர். 1936இல் வியன்னாவில் எர்ன்ஸ்ட் ஸ்பாத்தும் இவர்களில் சிலரும் சேர்ந்து அதன் அமைப்பை உறுதிசெய்து ஆய்வகத்திலேயே தயாரித்தும் காட்டினார்கள். உலகத்துத் தோல் மருத்துவப் புத்தகங்களிலெல்லாம் சோராலென் என்ற சொல் இருக்கிறது. அந்தச் சொல் புறப்பட்ட இடம் பெங்களூர் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? நம்மிடமிருந்து போனது என்று மார்தட்டுகிறவர்கள்கூட இந்த மூன்று பேரையும் சொல்வதில்லை. அந்த மஞ்சுநாத்தான் பின்னாளில் இந்தியாவின் இயற்கை வளங்களைத் தொகுத்த 'வெல்த் ஆஃப் இந்தியா' வரிசைக்கு முதல் ஆசிரியராக இருந்தவர்.

நம்மூர்ப் பெருமையையும் ஒன்று சொல்லிவிடுகிறேன். சோராலென் சேர்ந்த குடும்பத்துக்குக் கூமரின்கள் என்று பெயர். அந்தக் குடும்பம் உட்பட இந்தியத் தாவரப் பொருட்களின் வேதியியலில் பெரிய பெயர் டி.ஆர். சேஷாத்ரி. 1900இல் குளித்தலையில் பிறந்தவர். மான்செஸ்டரில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு வந்து, 1930களின் தொடக்கத்தில் நம் கோவை வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் மண் பரிசோதனை வேலை பார்த்தார். 1934இல் ஆந்திரப் பல்கலைக்கழகத்துக்குப் போய், பிறகு டெல்லி போய், 1960இல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். மருதமலை ரோட்டில் வேளாண் பல்கலைக்கழகத்தைத் தாண்டிப் போகும்போது இதை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

சரி, பொருள் கிடைத்துவிட்டது. வெயில் என்ன செய்கிறது? அதற்கு ஜெர்மனிக்குப் போக வேண்டும், கொஞ்சம் பின்னோக்கியும்.

1897–98 குளிர்காலம், மியூனிக் நகரம். ஆஸ்கர் ராப் என்ற மருத்துவ மாணவர், பேராசிரியர் டாப்பைனரிடம் வேலை பார்க்கிறார். அக்ரிடின் என்ற சாயம், தண்ணீரில் வாழும் பாரமீசியத்தை எவ்வளவு நேரத்தில் கொல்கிறது என்று பார்ப்பது அவர் வேலை. (பாரமீசியம் நினைவிருக்கிறதா? செருப்பு வடிவத்தில் படம் போடச் சொன்னால் பாதிப் பேர் வெண்டைக்காய் போட்டு வைப்பீர்கள்.) ஒரே சாயம், ஒரே அளவு. ஒரு நாள் சீக்கிரம் சாகின்றன, இன்னொரு நாள் சாகவே மாட்டேன் என்கின்றன. வேறு யாராவது என்றால் கைத்தவறு என்று விட்டிருப்பார்கள். ராப் அந்த இரண்டு நாளுக்கும் என்ன வித்தியாசம் என்று தேடி, வெளிச்சம்தான் என்று கண்டுபிடித்தார். இருட்டில் சாயம் மட்டும் இருந்தால் உயிரிகள் பிழைத்துக்கொள்கின்றன. வெளிச்சம் மட்டும் பட்டாலும் பிழைக்கின்றன. இரண்டும் சேர்ந்தால் சாகின்றன. 1900இல் இதை வெளியிட்டார்.

1903இல் டாப்பைனர் இதைத் தோல் புற்றுநோயிலேயே சோதித்தார். கட்டியின் மேல் இயோசின் என்ற சாயத்தைத் தடவி ஒளியைக் காட்டினார். இயோசின் எது தெரியுமா? சிவப்பு மையில் போடும் சாயம். உங்கள் பரீட்சைத் தாளில் நான் சுழித்த சுழிகளெல்லாம் அதன் சொந்தக்காரர்கள்தான். இந்த வேலையில் ஆக்சிஜனும் தேவை என்று பிறகு தெரிந்தது. சாயம் ஒளியை வாங்கி, அந்தச் சக்தியைப் பக்கத்திலிருக்கும் ஆக்சிஜனுக்குக் கொடுக்கிறது. வெறி பிடித்த ஆக்சிஜன் பக்கத்துச் செல்லை எரித்துவிடுகிறது.

சோராலென் கொஞ்சம் வேறு. அதற்கு ஆக்சிஜன் கட்டாயம் இல்லை. உயிரணுவுக்குள் டிஎன்ஏ ஒரு முறுக்கிய ஏணி மாதிரி இருக்கிறது என்று படித்திருப்பீர்கள். செல் இரண்டாகப் பிரிய வேண்டுமானால் அந்த ஏணி பேன்ட் ஜிப் திறப்பது போல நடுவில் பிரிய வேண்டும். சோராலென் தட்டையான மூலக்கூறு. ஏணிப்படிகளுக்கு இடையில் போய் உட்கார்ந்துகொள்ளும். இருட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும், பிறகு வெளியே வந்துவிடும். புற ஊதா ஏ என்ற கதிர், அதாவது 320 முதல் 400 நானோமீட்டர் வரை உள்ள ஒளி பட்டால் இரண்டு பக்கத்தையும் சேர்த்துத் தைத்துவிடும். ஜிப்பின் குறுக்கே தையல் போட்ட மாதிரி. அந்தச் செல் இனிப் பிரிய முடியாது. கிருமியானாலும் கட்டியானாலும் நம் தோலானாலும் அதற்கு வித்தியாசம் தெரியாது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மீதிக் கதை முழுக்க இதிலிருந்துதான் வருகிறது.

1940களில் எகிப்தில் பழைய அத்ரிலாலை மறுபடி கையில் எடுத்தார்கள். 1947இல் அதன் படிகங்களைப் பிரித்தார்கள். அதில் ஒன்று நம் சோராலெனின் உடன்பிறப்பு, மெத்தாக்சலென். கெய்ரோவில் எல் மோஃப்தி என்ற தோல் மருத்துவர் அதை வெண்புள்ளிக்குக் கொடுத்து, வெயிலில் காட்டி, 1948இல் முடிவுகளை எழுதினார். அங்கிருந்து அமெரிக்கா போனது. 1974இல் பாஸ்டனில் பாரிஷ், ஃபிட்ஸ்பாட்ரிக், டானன்பாம், பதக் ஆகியோர் வெயிலுக்குப் பதிலாகப் புற ஊதா விளக்குகளை வைத்து, மெத்தாக்சலென் மாத்திரை கொடுத்து, சோரியாசிஸ் நோயாளிகளைக் குணப்படுத்திக் காட்டினார்கள். பதக் நம் நாட்டிலிருந்து போனவர். இந்தச் சிகிச்சைக்குத்தான் புவா என்று பெயர். நம் நாட்டு டாக்டர்கள் விளக்குப் பெட்டி இல்லாத ஊரில் என்ன செய்வது என்று யோசித்து, நம் வெயிலையே விளக்காக்கிக்கொண்டார்கள். அதற்குப் பெயர் புவாசால். சரகர் சொன்ன இடத்துக்கே வந்து சேர்ந்தாயிற்று, கையில் கடிகாரத்தோடு.

கட்டிகள் விஷயத்துக்கு வருகிறேன். தோலில் வரும் ஒரு வகை ரத்தப் புற்றுநோய் இருக்கிறது, டி செல் லிம்ஃபோமா. தோலில் சிவந்த திட்டுகளாகத் தொடங்கி வருஷக்கணக்கில் வளரும். 1976இல் அதே பாஸ்டன் குழுவினர் புவா இதிலும் திட்டுகளைக் கரைப்பதைக் காட்டினார்கள். 1987இல் யேல் பல்கலைக்கழகத்தின் எடெல்சன் இன்னும் துணிந்து, நோயாளியின் ரத்தத்தை வெளியே எடுத்து, வெள்ளையணுக்களைப் பிரித்து, மெத்தாக்சலெனோடு புற ஊதா ஒளியில் காட்டித் திரும்ப உடம்புக்குள் ஏற்றினார். 37 பேரில் 27 பேருக்குப் பலன் இருந்தது. மறு வருஷமே அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. இதில் இன்னொரு ஆச்சரியம், வெளியே எடுத்தது ரத்தத்தில் ஒரு பங்குதான், ஆனால் நல்ல விளைவு உடம்பு முழுக்கத் தெரிந்தது. அடிபட்ட செல்களைப் பார்த்து உடம்பின் எதிர்ப்புச் சக்தியே விழித்துக்கொள்கிறது என்று விளக்குகிறார்கள்.

சாயம் வழியாகப் போனவர்களும் சும்மா இருக்கவில்லை. மேயர் பெட்ஸ் என்ற ஜெர்மன் டாக்டர் 1912இல் ரத்தத்திலிருந்து எடுத்த ஹெமட்டோபார்ஃபிரின் என்ற பொருள் 200 மில்லிகிராமைத் தனக்கே ஊசி போட்டுக்கொண்டு வெளிச்சத்துக்குப் போய், முகமும் கையும் வீங்கிக் கிடந்தார். அந்தப் பொருளின் வழியில் வந்ததுதான் 1978இல் டக்கர்ட்டி என்பவர் அமெரிக்காவின் பஃபலோ நகரில் செய்தது. 25 நோயாளிகளின் 113 தோல் கட்டிகளுக்குச் சிவப்பு ஒளி காட்டினார். 111 கட்டிகள் முழுவதுமாகவோ பாதியாகவோ கரைந்தன. 1993இல் கனடா இந்த வகை மருந்தைச் சிறுநீர்ப்பைப் புற்றுக்கு அனுமதித்தது. இதை வைத்து எல்லாப் புற்றுக்கும் ஒளியே மருந்து என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒளி எட்டும் ஆழம் மில்லிமீட்டர் கணக்கு. தோல், உணவுக்குழாய், சிறுநீர்ப்பை என்று விளக்கைக் கொண்டுபோகக் கூடிய இடங்களுக்குத்தான் இது.

கிருமிகளுக்கு வருவோம். 2006இல் சிக்குன்குனியா வந்தது யாருக்கு மறக்கும்? ஊரே விந்தி விந்தி நடந்தது. நமக்கு முன்னால் ரீயூனியன் தீவில் அது பெரிய அளவில் பரவியது. அந்தத் தீவில் நம் தமிழ் வம்சாவளியினரும் நிறைய. ரத்தத்தில் வைரஸ் இருக்கிறவர் தெரியாமல் ரத்ததானம் செய்துவிட்டால் என்ன ஆகும்? அங்கே அந்த வருஷம் தட்டணுக்களைச் சோராலென் குடும்பத்து அமோட்டோசலென் கலந்து புற ஊதா ஒளியில் காட்டிய பிறகே நோயாளிக்கு ஏற்றினார்கள். வைரஸோ பாக்டீரியாவோ, பெரும்பாலானவற்றின் டிஎன்ஏ அல்லது ஆர்என்ஏ தைக்கப்பட்டுவிடும். தட்டணுவுக்கு உட்கருவே கிடையாது, அதனால் அது தன் வேலையைத் தொடர்ந்து செய்யும். இந்த முறையை ஐரோப்பா 2002லேயே ஏற்றுக்கொண்டது, அமெரிக்கா 2014இல். அமுச்சியின் நலங்கு மாவு டப்பாவில் இருந்த விதையின் வம்சம் ரத்த வங்கி வரை போயிருக்கிறது.

எல்லா இடத்திலும் ஜெயித்ததா என்றால் இல்லை. அதற்குச் சாட்சி நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. கரும்புத் தோகை, நெல் சோகை, மாட்டு வால் இதெல்லாம் கண்ணில் அடித்தால் நம் குடியானவர்களுக்குக் கருவிழியில் பூஞ்சைப் புண் வருவது உங்களுக்குத் தெரியும். சொட்டு மருந்து மாதக்கணக்கில் போட வேண்டியிருக்கும், அப்படியும் பார்வை போய்விடுவது உண்டு. வைட்டமின் பி2, அதாவது ரைபோஃபிளேவினைக் கண்ணில் விட்டுப் புற ஊதா ஒளி காட்டினால் பூஞ்சை சாகுமா என்று அரவிந்த் கண் மருத்துவமனையினர் அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து சோதித்தார்கள். 1976இல் டாக்டர் வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கியதே அந்த மருத்துவமனை. 1997இல் நம் கோவைக்கும் வந்தது. 111 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேருக்குச் சொட்டு மருந்தோடு ஒளியும், மீதிப் பேருக்குச் சொட்டு மருந்து மட்டும். 2020இல் முடிவு வெளியானது. ஒளியால் கூடுதல் பயன் இல்லை. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது ஒளி காட்டியவர்களின் பார்வை மற்றவர்களைவிடக் குறைவாகத்தான் இருந்தது.

எனக்கு இந்த ஆய்வின் மேல் தனி மரியாதை. ஐந்து பேருக்குச் செய்து பார்த்து, "ஆஹா, அற்புதம்" என்று எழுதுவது சுலபம். பலிக்கவில்லை என்பதை உலகத்துக்கே அச்சடித்துச் சொல்ல மனசு வேண்டும். அதோடு நிற்காமல், ஒரு காலத்தில் கம்பளிக்குச் சாயம் போட்ட ரோஸ் பெங்காலையும் பச்சை ஒளியையும் வைத்து அடுத்த சோதனையையும் எடுத்தார்கள். வீடியோக்காரர்கள் யாராவது "என் எண்ணெய் இத்தனை பேருக்குப் பலிக்கவில்லை" என்று சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா?

இப்போது அரை மணி நேரக் கேள்விக்கு வருகிறேன்.

சாதாரண வெயில் காந்தல் அன்றைக்கே தெரிந்துவிடும். சோராலென் தடவிய தோலில் காந்தல் அப்படி வராது. வெயிலில் நிற்கும்போது ஒன்றும் தெரியாது. சாயங்காலமும் தெரியாது. ஒரு நாள் கழித்துச் சிவக்கத் தொடங்கி, இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் உச்சத்துக்குப் போகும். வீடியோவைப் பார்த்தவர் முதல் நாள் நிற்பார், ஒன்றும் ஆகவில்லையே என்று மறுநாளும் நிற்பார், மூன்றாம் நாள் தோல் பொத்துப்போகும். டாக்டர்கள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுப்பதும், சில நிமிடங்களில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவதும் இதனால்தான். மியூனிக் 48 பாகையில் இருக்கிறது, நாம் 11 பாகையில். நம் மாசி பங்குனி உச்சி வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு பையன் சந்தையில் விற்ற பெயர் தெரியாத எண்ணெயைக் காலில் தடவி நின்று, முழங்காலிலிருந்து கணுக்கால் வரை கொப்புளமாகி, மூன்று வாரம் படுத்துவிட்டான். புண் ஆறிய இடத்தில் வெள்ளை முன்னைவிட அகலமாகியிருந்தது. வெண்புள்ளி உள்ளவர்களுக்கு அடிபட்ட, வெந்த இடத்தில் புதிதாக வெள்ளை படர்வது மருத்துவத்தில் தெரிந்த சங்கதி.

டாக்டர் மேற்பார்வையிலேயே நீண்ட நாள் எடுத்தாலும் விலை உண்டு. அமெரிக்காவில் 16 மருத்துவமனைகளில் 1975–76இல் புவா தொடங்கிய 1,380 பேரைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அதிக தடவை எடுத்தவர்களுக்குத் தோல் புற்று கூடியது. அவர்களில் பெரும்பாலோர் வெள்ளைத் தோல்காரர்கள், நமக்கு அந்த ஆபத்து குறைவு. ஆனாலும் டிஎன்ஏவைத் தைக்கிற பொருள் என்பதை மறக்கக் கூடாது. ஒரு புற்றைக் கரைக்கிறது, இன்னொரு புற்றுக்கு வழிவிடுகிறது. மாத்திரையாகச் சாப்பிட்டால் அன்றைக்கு முழுக்கக் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி வேண்டும். சின்னக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மாத்திரை கொடுப்பதில்லை. கார்போகரிசிப் பொடியைச் சாப்பிட்டுக் கல்லீரல் கெட்டவர்களைப் பற்றியும் மருத்துவ இதழ்களில் வந்திருக்கிறது.

பதினைந்து நாள் என்பதும் பொய். நிறம் கொடுக்கும் செல்கள் மயிர்க்கால்களிலிருந்து மெல்ல வெளியே வர வேண்டும். அதனால்தான் குணமாகும்போது முதலில் ரோமத்தைச் சுற்றிப் பழுப்புப் பொட்டுகள் தெரியும், பிறகு அவை ஒன்றோடொன்று சேரும். மாதங்கள் ஆகும். ரோமம் இல்லாத விரல் நுனியிலும் உதட்டிலும் திரும்புவது கடினம். இன்றைக்குச் சோராலெனே இல்லாமல் 311 நானோமீட்டர் குறுகிய ஒளியை மட்டும் வைத்துச் செய்வது பெரும்பாலும் அதன் இடத்தைப் பிடித்துவிட்டது. கோவை ஜி.எச். தோல் பிரிவில் சீட்டுப் போட்டுக் காட்டுங்கள். சித்த மருந்து வேண்டுமென்றால் படித்த சித்த மருத்துவரிடம் போங்கள், எண்ணெய் எது, வெயில் எத்தனை நிமிடம் என்று இரண்டையும் கேளுங்கள். வெயிலைப் பற்றிப் பேசாமல் எண்ணெயை மட்டும் விற்கிறவரிடம் வாங்காதீர்கள்.

இன்னொன்றும் எழுதாமல் விட மனசில்லை. இதற்கு வெண்குஷ்டம் என்று பெயர் வைத்ததுதான் பெரிய கொடுமை. குஷ்டத்துக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. ஒட்டாது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் நிறச் செல்களையே தாக்குவதால் வருவது. வகுப்பில் ஒரு பெண் குழந்தைக்குப் புருவத்தின் மேல் வெள்ளை வந்தபோது, பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள் என்று மற்றப் பிள்ளைகளின் அம்மாக்கள் இரண்டு பேர் வந்து என்னிடம் நின்றார்கள். நான் அந்தக் குழந்தையைத்தான் மூன்று வருஷமும் வகுப்புத் தலைவியாக வைத்திருந்தேன். அவள் இப்போது இதைப் படித்துக்கொண்டிருப்பாள். வெண்புள்ளி இயக்கத்தார் விடாமல் கேட்டுக்கேட்டு, தமிழக அரசும் பழைய பெயரை விலக்கி வெண்புள்ளி என்ற சொல்லை ஏற்றது. நம் வீடுகளில் ஜாதகம் பார்க்கும் இடத்தில் மட்டும் இன்னும் பழைய பெயர்தான் ஓடுகிறது. பெரியவர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, அந்தச் சொல்லை என் காதுபட யாரும் சொல்லாதீர்கள்.

கடைசியாக, யாரோ கேட்கத்தான் போகிறீர்கள் என்பதால் எலுமிச்சையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எலுமிச்சைத் தோல் எண்ணெயிலும் இந்தக் குடும்பத்துப் பொருள் உண்டு. மே மாத லீவில் பிள்ளைகள் கூடை கூடையாகப் பிழிந்து சர்பத் போட்டுவிட்டு அப்படியே வெயிலில் விளையாடப் போனால், இரண்டு நாள் கழித்துக் கையில் கோடு கோடாகக் கறுத்திருக்கும். பூரான் கடித்தது என்று மந்திரிக்கக் கூட்டிப்போக வேண்டாம். பிழிந்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அனுப்புங்கள்.